திரிந்துபோன சாக்லேட்டை மீட்டேன்

மும்பை மாட்டுங்காவில் அன்று அடைமழை. மகளின் பிறந்தநாளுக்கு மாவு சேர்க்காத சாக்லேட் கேக் செய்ய, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் 200 கிராம் கருப்பு சாக்லேட்டை உருக்கிக்கொண்டிருந்தேன். மூடியிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்ததுதான் தாமதம், பளபளவென்று இருந்தது ஈரமண்போலத் திரிதிரியாகக் கட்டிவிட்டது. வயிறு எரிந்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது!

கொஞ்சம் ஈரம் பட்டால் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தாராளமாக விட்டால் கரைந்துவிடும். அதை நம்பி, வெந்நீரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டுக் கலக்கினேன். மூன்றுவரை பிடிவாதம் பிடித்தது. நான்காவதில் பட்டுப்போல இளகி மினுங்கியது. அப்பாடா!

பிறகு வெண்ணெய், சர்க்கரையோடு நுரைக்க அடித்த 5 முட்டை. ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிட்டேன். ஆறியபின் வெட்டியபோது கத்தியில் ஈரப்பசையோடு ஒட்டியதை மகள் விரலால் வழித்துத் தின்றாள்.