ஹசார்ட் லைட்டை எப்போது போடணும், எப்போது கூடாது

மும்பையில் மழை இறங்கினால் போதும், ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் எத்தனையோ கார்கள் ஹசார்ட் லைட்டைப் போட்டு, அதாவது நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகச் சிமிட்டிக்கொண்டே ஓடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமாவும் "நீயும் போடுப்பா, சேஃப்டிதானே" என்பார். போடாதீர்கள்.

முதலில், நிறுத்தி வைத்த வண்டியில் சிவப்பு முக்கோணம் போட்ட பட்டனைத் தேடி அழுத்துங்கள். டாஷ்போர்டின் நடுவில்தான் பெரும்பாலும் இருக்கும், இன்ஜின் ஓடாவிட்டாலும் எரியும். எரியும்போதே இண்டிகேட்டர் லீவரைத் தள்ளிப் பாருங்கள்: பல கார்களில் ஒன்றும் மாறாது. சிக்கலே இதுதான். ஹசார்டோடு ஓட்டினால் லேன் மாறுவதைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல வழியில்லை. உங்கள் காரின் இடது மூலை மட்டும் தெரிகிற பைக்காரருக்கோ அது வெறும் இடது இண்டிகேட்டர், நீங்கள் இடப்பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று நம்பி வலப்பக்கமாக ஏறி வருவார்.

மழைக்கு லோ பீம் (கீழே சாய்ந்த ஹெட்லைட் வெளிச்சம்), இருந்தால் ஃபாக் லேம்ப், குறைந்த வேகம், அவ்வளவுதான். ஹை பீம் மழைத்துளியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். கோஸ்டல் ரோடு சுரங்கத்துக்குள்ளும் ஹெட்லைட் போதும். சிக்னலில் நேராகப் போக எந்த இண்டிகேட்டரும் வேண்டாம் (நாலும் எரிந்தால் நேரே என்று யார் கிளப்பிவிட்டார்களோ!). மாட்டுங்காவில் காரை ரோட்டிலேயே விட்டு, ஹசார்டைத் தட்டிவிட்டு இட்லி பார்சல் வாங்கப் போகிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சரி, எப்போதுதான் போடுவது? வண்டி மக்கர் செய்யும்போது. புனே எக்ஸ்பிரஸ்வேயில் கண்டாலா மலைப்பாதை ஏறுகையில் இன்ஜின் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே இடது இண்டிகேட்டர் போட்டு ஓரம்கட்டுங்கள், நின்றதும் ஹசார்ட், அப்புறம் ஹேண்ட்பிரேக். நடு லேனிலேயே நின்றுவிட்டால் யோசிக்காமல் உடனே ஹசார்ட். எல்லோரும் இடது கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நிற்கட்டும். பாதுகாப்பாக நடக்க முடிந்தால் மட்டும், டிக்கியில் இருக்கும் எச்சரிக்கை முக்கோணத்தை முன்னால் பிடித்தபடி, வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே 50 மீட்டராவது பின்னால் போய் வையுங்கள். வளைவு என்றால் அதற்கும் முன்பே தெரிகிற மாதிரி. உதவிக்கு 112.

ஓடும்போது போட நியாயமான சமயங்கள் குறைவு: கயிறு கட்டி இழுத்துப் போகும்போது, இல்லையென்றால் வேகச் சாலையில் முன்னால் எல்லாம் திடீரென்று நின்றிருக்கும்போது பின்னால் வரும் லாரிக்காகச் சில நொடி. அவர் வேகம் குறைப்பது கண்ணாடியில் தெரிந்ததும் அணைத்துவிடுங்கள்.

கிளம்பும்போது முக்கோணத்தை எடுத்துவிட்டு, ஹசார்டை அணைத்து, அதற்குப் பிறகு வலது இண்டிகேட்டர். நல்ல இடைவெளி வரும்வரை காத்திருந்து லேனுக்குள் போங்கள்.