பூனையின் பற்களை வீட்டில் பேணும் முறை

பல்வலி இருக்கும் பூனை அதை வெளியே காட்டிக்கொள்வது அரிது. ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தாலும் அது தட்டுக்கு வந்து தின்றுவிட்டே போகும் என்பதால், "நன்றாகத்தானே சாப்பிடுகிறது" என்பதை வைத்து வாய் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. ஆகையால் பிரஷ்ஷும் பற்பசையும் வாங்குவதற்கு முன்பு, வாயைப் பார்க்கக் கற்றுக்கொள்வதே முதல் வேலை.

வளர்ந்த பூனைக்கு மேலே 16, கீழே 14 என மொத்தம் 30 பற்கள். குட்டிக்கு 26 பாற்பற்கள் இருக்கும். மூன்று, நான்கு மாத வயதில் அவை விழத் தொடங்கி, ஏறத்தாழ ஆறு மாதத்திற்குள் நிலைப்பற்கள் முளைத்துவிடும். நல்ல வெளிச்சத்தில், பூனை தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, மேலுதட்டை விரலால் மெல்ல உயர்த்திப் பார்த்தால் போதும். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், சில பூனைகளுக்குக் கரும்புள்ளிகள் இயல்பாகவே இருக்கும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால் அது ஈறு அழற்சியின் தொடக்கம். மஞ்சளோ பழுப்போ ஆன கெட்டிப் பொருள் ஒட்டியிருந்தால் அது காரை. வேறெங்கும் அழுக்கில்லாதபோதும் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லின் வெளிப்புறத்தில் காரை படிந்திருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அதன் அருகே திறப்பதே காரணம். ஆகவே முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு நிறைவடையக் கூடாது.

காரை உருவாகும் விதத்தை அறிந்தால் துலக்குவதன் பயனும் எல்லையும் தாமே விளங்கும். பல்லின் மேல் நுண்ணுயிரிகளும் உமிழ்நீரும் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் சில நாட்களுக்குள் அதைக் கெட்டிப்படுத்திவிடுகின்றன. மென்மையாக இருக்கும்வரை பிரஷ் அதைத் துடைத்தெடுக்கும், கெட்டியான பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பெயராது. நாள்தோறும் துலக்குவது சிறப்பு என்றும், வாரத்தில் மூன்று நாளாவது துலக்க வேண்டும் என்றும் கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மாதத்திற்கு ஒருமுறை விழுந்து விழுந்து தேய்ப்பதில் பூனைக்கு எரிச்சலைத் தவிர வேறு பலன் கிடையாது.

தேவையான பொருட்கள் மிகக் குறைவு. தலைப்பகுதி சிறியதாக உள்ள, குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ்ஷோ பூனைக்கென்றே விற்கும் பிரஷ்ஷோ போதும். விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பிரஷ் கடைகளில் நிறையக் கிடைத்தாலும், பெரும்பாலான பூனைகளின் வாய்க்கு அது பருமன் என்பது என் கருத்து. அதைவிட ஆள்காட்டி விரலில் சுற்றிய மெல்லிய காஸ் துணி மேலானது. பற்பசை, விழுங்கினாலும் தீங்கில்லாத, விலங்குகளுக்கென்று செய்யப்பட்டதாகவே இருக்க வேண்டும். கோழி அல்லது மீன் சுவையில் கிடைக்கிறது. பூனைக்கு வாய் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, ஆதலால் நாம் பயன்படுத்தும் பற்பசையிலுள்ள ஃபுளூரைடும் நுரைப்பொருளும் நேரே வயிற்றுக்குப் போகும். உப்பு, சமையல் சோடா ஆகியவையும் வேண்டாம்.

நம் வீடுகளில் பல்வலி என்றதும் நினைவுக்கு வரும் கிராம்பு எண்ணெயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலுள்ள யூஜெனால் போன்ற பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், நமக்கு மருந்தாவது அதற்கு நஞ்சாகும். பாராசிட்டமால் இதைவிடக் கொடியது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. வலி இருப்பதாகத் தோன்றினால் வீட்டு மருந்து எதையும் தராமல் மருத்துவரிடம் கொண்டுசெல்வதே பாதுகாப்பு.

இனிப் பழக்கும் முறை. முதல் சில நாட்கள் கன்னத்தையும் உதட்டோரத்தையும் தடவிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதை விரும்பி ஏற்கத் தொடங்கிய பின், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் மீன் வேகவைத்த நீரில் விரலை நனைத்து நக்கவிட்டு, அதே விரலால் கோரைப்பல்லின் மேல் ஓரிரு முறை தடவலாம். (மீன் குழம்பு இதற்கு ஆகாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிப்பவை.) அடுத்து விரலின் இடத்தில் காஸ் துணி, அதன் பின் பற்பசையை நக்கக் கொடுப்பது, கடைசியாகத்தான் பிரஷ். ஒவ்வொரு படியையும் பூனை அமைதியாக ஏற்ற பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். சில பூனைகளுக்கு இரண்டு வாரம் போதும், சிலவற்றுக்கு இரண்டு மாதமும் ஆகும். இரவு உணவுக்குச் சற்று முன்பு வைத்துக்கொண்டால் உணவே வெகுமதியாகிவிடும்.

துலக்கும்போது பூனையின் முதுகு நம் பக்கம் இருக்குமாறு அதை மடியிலோ மேசையிலோ உட்காரவைத்து, ஒரு கையைத் தலைமேல் வைத்துக் கட்டைவிரலால் உதட்டை உயர்த்த வேண்டும். பிரஷ்ஷை ஈறு நோக்கி ஏறக்குறைய 45 பாகை சாய்த்துப் பிடித்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சிறு வட்டங்களாக நகர்த்தினால் ஒரு பக்கத்திற்கு அரை நிமிடம் போதும். மேல்வரிசையின் பின்பற்களிலிருந்து தொடங்குவது நல்லது, பூனையின் பொறுமை தீர்ந்துவிட்டாலும் முக்கியமான இடம் முடிந்திருக்கும். உட்புறத்தைச் சொரசொரப்பான நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்வதால் வெளிப்புறமே நம் பொறுப்பு. காதைப் பின்னுக்கு மடக்கினாலோ வாலை அடித்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். கழுத்துத் தோலைப் பிடித்து அடக்கித் துலக்கினால் மறுநாள் பிரஷ்ஷைக் கண்டதுமே ஓடும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு பிரஷ் வேண்டும்.

உலர் உணவு தின்றாலே பல் சுத்தமாகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. சாதாரண உருண்டைகளைப் பூனை பல்நுனியால் உடைக்கும், அல்லது அப்படியே விழுங்கும். ஈற்றோரத்தை அவை தொடுவதே இல்லை. பல் பராமரிப்புக்கென்று தயாராகும் உணவின் துண்டுகள் பெரியவை; உடனே நொறுங்காமல் பல்லைச் சூழ்ந்து தேய்க்கும்படி நார்ச்சத்துடன் அமைக்கப்பட்டவை. படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சான்று காட்டிய பொருட்களுக்கு அமெரிக்காவின் வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில் முத்திரை வழங்குகிறது. வாங்கும்போது அதைத் தேடலாம். பிரஷ்ஷை அறவே ஏற்காத பூனைக்கு இவை உதவும். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குத்தும், கொடுக்கவே கூடாது.

துலக்கவே கூடாத வாயும் உண்டு. எச்சில் ஒழுகுதல், தலையைச் சாய்த்து ஒரே பக்கம் மெல்லுதல், வாயில் எடுத்த உணவைக் கீழே விடுதல், உடலை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்துதல், தாங்க முடியாத வாய்நாற்றம் ஆகியவை தெரிந்தால் பிரஷ்ஷைத் தொடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈற்றோரத்தில் பல்லையே அரித்துக்கொண்டு இளஞ்சிவப்புப் புள்ளி தெரிவது பல் கரையும் நோயாக இருக்கலாம். பூனைகளுக்குப் பரவலாக வரும் இந்நோய் கடும் வலி தருவது, எக்ஸ்ரே எடுத்தால்தான் முழுமையாகத் தெரியும். வாயின் உட்புறம் முழுவதும் புண்ணாகச் சிவந்திருப்பது வேறொரு நாட்பட்ட நோய். இவ்விரண்டிலும் துலக்குவது சித்திரவதையாகுமே அன்றிச் சிகிச்சையாகாது. நம் நகரங்களில் விரும்பி வளர்க்கப்படும் பெர்சியன் பூனைகளுக்குத் தட்டையான முகத்தால் பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால், அவற்றை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

படிந்துவிட்ட காரையை மயக்க மருந்து கொடுத்து, ஈற்றுக்கு அடியிலும் சுத்தம் செய்வதே சரியான ஸ்கேலிங். மயக்கமின்றி மேலாகச் சுரண்டிவிடுவது பல்லை வெள்ளையாகக் காட்டுமே தவிர, நோய் இருக்கும் அடிப்பகுதியைத் தொடாது; நகத்தாலோ கருவியாலோ வீட்டில் பெயர்த்தெடுப்பதும் கூடாது. கெட்ட பற்களை எடுத்துவிட்டால் பூனை பட்டினி கிடக்குமோ என்று அஞ்ச வேண்டாம், வலி நீங்கியபின் அது முன்பைவிட நன்றாகவே தின்னும். பல் எடுத்த பிறகு ஈறு ஆறும்வரை மென்மையான உணவு தந்து, மருத்துவர் அனுமதித்த பின்பு பிரஷ்ஷை நேரே எடுக்காமல், கன்னத்தைத் தடவும் முதல் படியிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.