தெற்காசிய மரபு மாதம்: மனநலத் துறையினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 2020 முதல் தெற்காசிய மரபு மாதம் கொண்டாடப்படுகிறது. மனநல மருத்துவமனைகளிலும் இப்போது அது வழக்கமாகிவிட்டது. இந்தத் துறையில் நம்மவர்கள் எத்தனையோ பேர்: மருத்துவர்கள், தாதிகள், உளவியலாளர்கள், ஆற்றுப்படுத்துநர்கள். நம் ஊரும் பேரும் அங்கே பேசப்படுவது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் திட்டமிடும்போது செய்யும் சில தவறுகளால் அந்த மாதம் முழுதும் ஒரு மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகிறது.

பரவலான தவறு, மரபு என்றால் சமோசா, சேலை, மருதாணி, கொஞ்சம் யோகா என்று நினைப்பது. இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாடு இருந்தால்தான் நாலு பேர் கூடுவார்கள். ஆனால் இதே விழாவை ஒரு வங்கியிலும் இப்படியே நடத்தலாம் அல்லவா? மனநலத் துறையில் கொண்டாடும்போது, நம்மவர்கள் இந்தத் துறைக்குக் கொடுத்த அறிவுதான் முன்னே வர வேண்டும்.

அதற்குப் பஞ்சமே இல்லை. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டுக்குக் கடிதம் எழுதினார். அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்காமல், தன் நோயாளிகளிடம் கண்டதை வைத்து எதிர்வாதமும் செய்தார். பிராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்கு அந்தச் சங்கம் அனுப்பிய தந்த விஷ்ணு சிலை இன்றும் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில், பிராய்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் மருத்துவமனை ஊழியர்களை ஒரு பிற்பகல் அங்கே கூட்டிப் போகலாம்.

எனக்கு இன்னும் நெருக்கமானது அமிர்தசரஸ் கதை. 1950களில் அங்கே மனநல மருத்துவமனைப் பொறுப்பில் இருந்த வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம்தான். ஆனால் கூட இருந்து பார்த்ததில் குடும்பத்தாருக்கு நோய் புரிந்தது, பயம் குறைந்தது, வீட்டுக்குக் கூட்டிப்போகும் துணிச்சல் வந்தது. வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் 1957 முதல், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்குவதுதான் நடைமுறை. சமைப்பதும், மருந்து கொடுக்கப் பழகுவதும், மருத்துவரிடம் கேள்வி கேட்பதும் அந்த நாட்களிலேயே நடக்கும். இங்கே பிரிட்டனில் நோயாளியின் அம்மா பார்வை நேரத்தில் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் பிடிக்கிறார். மரபு மாதத்தில் பேச வேண்டிய விஷயம் இது. இதில் ஒரு துளியாவது நம் வார்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று மேலாளர்களிடம் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

அடுத்தது, தெற்காசியா என்றால் இந்தியா, இந்தியா என்றால் இந்தி என்ற பழக்கம். சில்ஹட்டிலிருந்து வந்தவரும் காத்மண்டுவிலிருந்து வந்தவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரும் பாலிவுட் பாட்டுக்கு மரியாதைக்குக் கை தட்டிவிட்டுப் போவார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது தேதி. தொடங்கியபோது இந்த மாதத்துக்குக் குறித்த நாட்கள் ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 17 வரை. 1947இல் முதல் தேதியில் இந்தியச் சுதந்திரச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. கடைசித் தேதியில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த ராட்கிளிஃப் எல்லைக்கோடு வெளியானது. அதாவது பிரிவினையின் நாட்கள். இவற்றுக்கு நடுவேதான் 1983இன் கறுப்பு ஜூலையும் வருகிறது. லண்டனில் உள்ள ஈழத்தமிழர் பலர் அதற்குப் பிறகு ஊரை விட்டு வந்தவர்கள். ஜூலை கடைசி வாரத்தில் நடன விழா வைத்துவிட்டு, தமிழ் ஊழியர் ஏன் வரவில்லை என்று கேட்பது, மனக்காயத்துக்கு மருத்துவம் பார்க்கும் இடத்துக்குப் பொருந்தாது. தேதி குறிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

நம் மரபை ஒரேயடியாகப் புகழ்வதும் தவறு. கூட்டுக்குடும்பமும் கோயிலும் தர்காவும் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கூடவே, 1961 முதல் 1978 வரை சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்திய சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்கு உழைத்ததையும் சொல்ல வேண்டும். சாதி, மதச் சண்டையை நம் ஆட்கள் இங்கேயும் கொண்டுவந்திருப்பதை மறைக்கவும் கூடாது.

அப்புறம், பதவியும் பட்டமும் பெற்றவர்களை மட்டும் சுவரொட்டியில் போடுவது. தினேஷ் பூக்ரா பிரிட்டனின் மனநல மருத்துவர் ராயல் கல்லூரிக்குத் தலைவரானது பெருமைதான். ஆனால் இலங்கையில் பிறந்த சுமன் பெர்னாண்டோ, இந்தத் துறையின் இனவெறியைப் பற்றிக் காலமெல்லாம் எழுதியவர், அரசின் மனநலச் சட்ட மசோதாவை எதிர்த்து 2007இல் ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச பட்டத்தையே மறுத்தார். அவர் படமும் அதே சுவரில் இருக்கட்டும்.

தமிழ் நோயாளி வந்தால் உடனே தமிழ் ஊழியரைக் கூப்பிடுவதும் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. வயதான அம்மா ஒருவர் ஆவலோடு, “பிள்ளை எவடம்?” என்று கேட்பார். தாதி ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மாறிவிடும். அதே ஊர், தெரிந்த சனம், கதை வெளியே போய்விடுமோ என்ற பயம். சிலருக்கு நம் மொழி பேசுபவர் வேண்டும், சிலருக்கு நம் ஆட்களே வேண்டாம். நோயாளியிடமே கேளுங்கள். மொழிபெயர்ப்புக்குப் பயிற்சி பெற்றவரை ஏற்பாடு செய்யுங்கள். மகளையோ பேரனையோ உட்காரவைக்க வேண்டாம், பக்கத்து வார்டுத் தாதியை அவர் வேலைக்கு நடுவே இழுக்கவும் வேண்டாம்.

விழா வேலைக்கும் இதே கணக்குதான். விருப்பமா என்று கேட்காமலே தெற்காசிய ஊழியர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவர் தன் ஓய்வு நேரத்தில் செய்து முடிக்கிறார். விருப்பமுள்ளவருக்கு அந்த மணிநேரங்களைப் பணி அட்டவணையிலேயே எழுதிக் கொடுங்கள், அன்றைய நோயாளிகளைப் பார்க்க வேறு ஆள் போடுங்கள். பொருட்செலவையும் துறையே ஏற்கட்டும்.