செல்ஃப் ரைசிங் மாவு: வீட்டில் கலக்கும்போது சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்து, அமெரிக்க கேக் குறிப்புகளைப் பார்த்துச் செய்யத் தொடங்கும் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. ‘செல்ஃப் ரைசிங் மாவு 2 கப்’ என்று போட்டிருக்கும். பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்து பாக்கெட்டில் வரும் மாவு அது. தெருமுனை மளிகைக் கடையில் கேட்டால் மைதாவைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது போதும், மீதியை நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கப் மைதாவுக்கு (125 கிராம்) ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் தூள் உப்பு, அவ்வளவுதான். இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் முதல் தடவை சோப்பு வாடை அடிக்கும் கேக் ஒன்றைச் சுட்டெடுத்தேன்.

காரணம் ஆப்ப சோடா. பேக்கிங் பவுடர் தீர்ந்துபோயிருந்தது. இரண்டும் வெள்ளைத் தூள்தானே என்று அதே ஒன்றரை ஸ்பூனைப் போட்டுவிட்டேன். ஆனால் சமையல் சோடா வெறும் காரம். தயிர், மோர், எலுமிச்சை என்று ஏதாவது புளிப்பு சேர்ந்தால்தான் ஒழுங்காகப் பொங்கும். பேக்கிங் பவுடரில் அந்தச் சோடாவோடு அதற்கு வேண்டிய அமிலமும் உலர்ந்த தூளாகச் சேர்ந்தே இருக்கிறது. அதோடு, தனிச் சோடாவுக்கு மூன்று நான்கு மடங்கு வீரியம் அதிகம். புளிப்பு கிடைக்காமல் மிஞ்சும் சோடா அடுப்புச் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. சலவைச் சோடா என்பதும் அதுவேதான். கேக்கில் சோப்பு வாடை வராமல் வேறென்ன வரும்?

அடுத்தது அளவு. டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் ஒரு கப்பில் 150 கிராம் வரை மாவு ஏறிவிடும். பேக்கிங் பவுடர் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கும், கேக் கட்டியாக வரும். மாவை ஸ்பூனால் கப்பில் தூவி, மேலே கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். தராசு இருந்தால் இந்தக் கவலையே இல்லை. டீஸ்பூன் என்றால் 5 மில்லி அளவு ஸ்பூன், காபி கலக்குகிற ஸ்பூன் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் உப்பும்’ என்ற ஆசையும் வேண்டாம். குமிழிகள் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்து, ஜோராக எழும்பிய கேக் நடுவில் குழிந்துவிடும்.

கலப்பதில்தான் பலர் அவசரப்படுகிறோம். மேலாகத் தூவி ஸ்பூனால் இரண்டு சுற்று சுற்றினால் போதாது. பவுடர் ஒரே இடத்தில் தங்கி, ஒரு துண்டு கசக்கும், இன்னொரு துண்டு எழும்பாமலே கிடக்கும். மூன்று தடவை சலியுங்கள்.

எந்த மாவு என்பதிலும் குழப்பம் உண்டு. நம் ஊரில் கோதுமை மாவு என்றால் சப்பாத்தி மாவு. அது தவிட்டோடு அரைத்தது, தண்ணீரை அதிகம் இழுக்கும், கேக் கனத்துப்போகும். யாழ்ப்பாணத்தில் ‘கோதுமை மா’ என்பதோ நம் மைதா, அங்கத்திய குறிப்புகளைப் படிக்கும்போது இதை மறக்க வேண்டாம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பிஸ்கட்டுக்கு (நம் ஊர் பிஸ்கட் இல்லை, மெத்தென்ற பன் மாதிரி) போடுவது புரதம் குறைந்த மென்கோதுமை மாவு. அந்த மென்மை வேண்டுமென்றால் ஒரு கப் மைதாவில் இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ன்ஃப்ளோர் சேர்க்கலாம். கடையில் ‘சோள மாவு’ என்று கேட்காதீர்கள், வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு வந்து சேரும்.

உப்பு விஷயத்தில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. அமெரிக்கப் பாக்கெட்டில் உப்பு சேர்ந்தே வரும், இங்கிலாந்தில் பெரும்பாலும் இருக்காது. அதனால் இங்கிலாந்துக் குறிப்புக்கு உப்பில்லாமல் கலந்துகொள்ளுங்கள். குறிப்பிலேயே தனியாகப் பேக்கிங் பவுடர் கேட்டிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள், அது மாவில் இருப்பதற்கு மேல் சேர்ப்பதற்காகச் சொன்னது.

பிரிஸ்டல் நகரத்து பேக்கரிக்காரர் ஹென்றி ஜோன்ஸ் 1845இல் இந்த மாவுக்குக் காப்புரிமை வாங்கினார். ஈஸ்ட் இல்லாத கப்பலிலும் மாலுமிகளுக்குப் புது ரொட்டி கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். காரமும் அமிலமும் தண்ணீர் படும்வரை மாவுக்குள் சும்மா உறங்கும், அதுதான் சூட்சுமம். நம் சமையலறைப் புழுக்கமும் ஈர ஸ்பூனும் அந்தத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். ஆகவே ஒரு கிலோ கலந்து மாதக்கணக்கில் வைக்காமல், அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பதே நல்லது. பேக்கிங் பவுடர் டப்பா பழசா? கால் கப் வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்தால் சரி, சும்மா கிடந்தால் குப்பைதான். கேக் மாவையும் கரைத்து வைத்துவிட்டு போன் பேசப் போகாதீர்கள். அடுப்பை முதலில் சூடாக்கிவிட்டு அப்புறம் கரையுங்கள்.

மிஞ்சிப்போனால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெறும் மைதா என்று எடுத்துப் பரோட்டாவுக்குப் பிசைந்துவிட்டார்கள். வீச வீசக் கிழிந்தது, உப்பும் கரித்தது. கடைசியில் எல்லோரும் சால்னாவை இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம்.