ஆற்று நீரில் மாத்திரையைத் தேடுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

காவிரிச் செய்திகளைப் படித்துப் படித்து டி.எம்.சி. நமக்குப் பழகிய அளவாகிவிட்டது. ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். அவ்வளவு தண்ணீரில் 28 கிராம் மருந்தைக் கரைத்தால் லிட்டருக்கு ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, வரும். மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி.யுடன் நிரம்பி நிற்கும்போதும் இதே செறிவுக்கு 2.65 கிலோ மருந்து போதும். ஆறுகளில் நாம் தேடுவது பெரும்பாலும் சில நானோகிராம் முதல் சில நூறு நானோகிராம் வரைதான்.

இது வீண் தேடல் அல்ல. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் வலிப்பு மருந்தான கார்பமாசெபைனும் சோப்புகளில் சேர்க்கும் ட்ரைக்ளோசனும் இருப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது நானோகிராமே அல்ல, மில்லிகிராம். அந்த மாதிரி இடத்தில் தேட வேண்டியதே இல்லை, தானாகவே தெரியும். ஆற்றில் அப்படி இல்லை.

இந்த விளக்கம் வேதியியல் முதுகலை மாணவர்களுக்கும், திட்ட உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும். மருந்தை அளக்கும் கருவியை இயக்க உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இருப்பார். ஆனால் முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் கருவியில் அல்ல, அதற்கு முந்தைய இரண்டு நாட்களில். அதனால் அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

முதல்முறையே ஐம்பது மருந்துகளின் பட்டியலோடு இறங்காதீர்கள். மூன்று போதும்: கஃபீன், கார்பமாசெபைன், டைக்ளோஃபினாக்.

கஃபீனும் கார்பமாசெபைனும் சேர்ந்தால் ஒரு கதை சொல்லும். கஃபீனை நுண்ணுயிரிகள் எளிதில் சிதைத்துவிடும். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடினால் அதில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். கார்பமாசெபைன் அப்படியல்ல, சுத்திகரிப்பைப் பெரிய சேதமில்லாமல் கடந்து வந்துவிடும். ஆகவே ஓரிடத்தில் இரண்டும் அதிகமாக இருந்தால், பச்சைச் சாக்கடை பக்கத்திலேயே கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். கார்பமாசெபைன் மட்டும் இருந்தால் அது சுத்திகரித்த நீராகவோ, நெடுந்தூரம் பயணித்த நீராகவோ இருக்கலாம். எனக்கு இந்த ஜோடி மிகவும் பிடிக்கும்.

டைக்ளோஃபினாக் வலி நிவாரணி. அந்த மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன என்பது 2004இல் உறுதியானது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. மனிதப் பயன்பாடு தொடர்கிறது.

படி 2: பாட்டில்

ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில். பழுப்பு ஏனென்றால் டைக்ளோஃபினாக் வெயிலில் சிதையும். சோப்பால் கழுவி, குழாய் நீர், காய்ச்சி வடித்த நீர், கடைசியாக மெத்தனால் என்று அலசிக் காய வையுங்கள். வாயை அலுமினியத் தாளால் மூடி வையுங்கள்.

கூடவே ஒரு பாட்டிலில் ஆய்வுக்கூடத்தின் தூய நீரை நிரப்பி ஆற்றுக்கு எடுத்துப் போங்கள். கரையில் மற்ற பாட்டில்களைத் திறக்கும்போது இதையும் திறந்து, இன்னொரு காலி பாட்டிலுக்கு மாற்றி மூடிக் கொண்டுவாருங்கள். இதுதான் கள வெற்று மாதிரி. ஆற்றைத் தொடாத தண்ணீர். இதில் மருந்து வந்தால் அது ஆற்றிலிருந்து வரவில்லை, உங்களிடமிருந்து வந்திருக்கிறது.

என் முதல் களப்பணியில் அப்படித்தான் நடந்தது. வெற்று மாதிரியில் டைக்ளோஃபினாக், அதுவும் ஆற்று நீரில் இருந்ததைவிடக் கூடுதலாக. கருவியைச் சந்தேகித்தோம், மெத்தனாலைச் சந்தேகித்தோம், புது பாட்டில் திறந்து மறுபடி ஓட்டினோம். மூன்றாம் நாள் படியேறும்போது முழங்கால் வலித்தது. அப்போதுதான் நினைவு வந்தது: ஆற்றுக்குப் போன அன்று காலை முழங்காலுக்கு ஜெல் பூசியிருந்தேன். அந்த ஜெல்லின் மருந்தே டைக்ளோஃபினாக். கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன், ஆனால் நானோகிராமுக்கு அந்தக் கழுவல் போதாது. கையுறையும் போடவில்லை.

ஆகவே களப்பணி நாளில் வலி ஜெல் கூடாது, கொசு விரட்டிக் களிம்பு கூடாது. டீ, காபி குடித்த கையோடு மூடியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை. டீயைத் துறக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும், குறைந்தபட்சம் பாட்டில் பெட்டியின் மேல் டம்ளரை வைக்காமல் இருங்கள்.

படி 3: நீர் எடுப்பது

நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நில்லுங்கள். உங்கள் காலடியில் கலங்கும் சேறு பின்னால் போய்விடும். பாட்டிலை ஆற்று நீராலேயே மூன்று முறை அலசி, மேற்பரப்புக்கு ஒரு முழம் கீழே அமிழ்த்தி நிரப்புங்கள். நேரம், நீரின் வெப்பம், பி.எச்., அருகில் வாய்க்கால் கலக்கிறதா என்பதை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்றால் எழுதமாட்டீர்கள்.

ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அடுத்த படியைத் தொடங்குங்கள். முடியாவிட்டால் 4 டிகிரியில் இருட்டில் வைத்து, 48 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். குளோரின் கலந்த குடிநீராக இருந்தால், எடுத்த உடனே சிறிது சோடியம் தயோசல்ஃபேட் சேர்க்க வேண்டும். இல்லையேல் வரும் வழியிலேயே குளோரின் சில மருந்துகளைத் தின்றுவிடும்.

படி 4: வடிகட்டல், உள் ஸ்டாண்டர்டு

0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாள் வேண்டும். முன்னதாகவே அதை 450 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டு வையுங்கள். வடித்த நீரில் 500 மி.லி. அளந்து எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச்.ஐ 3க்கு இறக்குங்கள். கஃபீனுக்கும் கார்பமாசெபைனுக்கும் இது பெரிதாகப் பொருட்டில்லை. டைக்ளோஃபினாக் ஓர் அமிலம் என்பதால் சாதாரண ஆற்று நீரில் மின்னூட்டத்தோடு இருக்கும். பி.எச். இறங்கும்போது அந்த மின்னூட்டம் போய், அடுத்த படியில் நன்றாக ஒட்டும்.

இப்போது இந்த வேலையிலேயே மிக முக்கியமான சொட்டு. மூன்று மருந்துகளின் கனமான நகல்களை, அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியமோ சாதாரண கார்பனுக்குப் பதில் கார்பன்-13ஓ ஏற்றிய மூலக்கூறுகளை, ஒவ்வொன்றும் 50 நானோகிராம் சேருங்கள். இவைதான் உள் ஸ்டாண்டர்டு. வேதியியலில் அவை அசலைப் போலவே நடந்துகொள்ளும், எடையில் மட்டும் வேறுபடும். வழியில் அசலில் கால்பங்கு வீணானால் நகலிலும் ஏறத்தாழ கால்பங்கு வீணாகும். கடைசியில் இரண்டின் விகிதத்தைப் பார்ப்பதால் இழப்பு தானாகவே சரியாகிவிடும். விலை அதிகம்தான். இதில் சிக்கனம் பார்த்து, வடித்த பிறகு சேர்க்காமல் கடைசிக் குப்பியில் சேர்த்தால் நடுவில் நடந்த இழப்பு எதுவும் தெரியாது.

படி 5: கார்ட்ரிட்ஜில் பிடிப்பது

அரை லிட்டர் நீரை அப்படியே கருவிக்குள் செலுத்த முடியாது. மருந்தை மட்டும் பிடித்துவைத்து நீரை விட்டுவிட வேண்டும். இதற்குப் பெயர் திடநிலைப் பிரித்தெடுப்பு. கார்ட்ரிட்ஜ் என்பது ஊசி போடும் சிரிஞ்சைப் போன்ற குழாய். அதில் 200 மில்லிகிராம் எச்.எல்.பி. என்ற வகைப் பாலிமர் பொடி அடைத்திருக்கும். அந்தப் பொடி எண்ணெய்த் தன்மையுள்ள மருந்துகளையும் நீர்த் தன்மையுள்ள மருந்துகளையும் ஒருங்கே பிடிக்கும்.

முதலில் 5 மி.லி. மெத்தனால், பிறகு 5 மி.லி. பி.எச். 3 நீர். மெத்தனால் பொடியை நனைக்கிறது, நீர் அதை மாதிரிக்குத் தயார் செய்கிறது. அதன்பின் பொடி காயக் கூடாது. எச்.எல்.பி. காய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்பார்கள், உண்மைதான். ஆனால் நாளைக்கு சி-18 என்னும் வேறு வகைப் பொடி அடைத்த கார்ட்ரிட்ஜ் உங்கள் கைக்கு வரும், அது பொறுக்காது. பழக்கத்தை இப்போதே சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 500 மி.லி. நீரையும் நிமிடத்துக்கு 5 மி.லி. வேகத்தில் விடுங்கள். கணக்குப்படி 100 நிமிடம். வெற்றிடப் பம்ப்பின் வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகும் ஆசை வரும். போனால் நடுவில் ஒரு கார்ட்ரிட்ஜ் சேற்றில் அடைத்துக்கொண்டு நிற்கும், பக்கத்தில் இருப்பது வேகமாக இழுத்து மருந்தைப் பிடிக்காமல் விட்டுவிடும். சொட்டுச் சொட்டாக விழுகிறதா, ஒரே நூலாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நூலானால் வால்வை இறுக்குங்கள்.

முடிந்ததும் 5 மி.லி. தூய நீரால் உப்பை அலசி, அரை மணி நேரம் காற்றை இழுத்துக் காயவைத்து, 4 மி.லி. மெத்தனாலை இரண்டு முறை விட்டுச் சோதனைக்குழாயில் பிடியுங்கள். அந்த 8 மி.லி.யில் நம் மருந்து இருக்கிறது. கூடவே ஆற்றின் மஞ்சள் நிறமும் இருக்கும். அந்த நிறத்தோடு பிறகு வம்பு உண்டு.

சோதனைக்குழாயை 40 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து, மேலிருந்து நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதுங்கள். திரவத்தின் மேல் சிறு குழி விழ வேண்டும், அலை எழும்பக் கூடாது, தெறிக்கக் கூடாது. மெத்தனால் நஞ்சு என்பதால் இது புகைப்போக்கி அறைக்குள் மட்டும். வற்றிய உடனே எடுத்து, 10 சதவீத மெத்தனால் கலந்த நீர் 1 மி.லி.யில் கரைத்து, சிறு குப்பிக்கு மாற்றுங்கள். 500 மி.லி. 1 மி.லி. ஆகிவிட்டது. முழு மெத்தனாலில் கரைத்தால், கருவி வரையும் கோட்டில் முதலில் வெளிவரும் கஃபீனின் சிகரம் பிளந்து அசிங்கமாக வரும்.

படி 6: கருவி

திரவ நிறப்பகுப்புக் கருவியோடு இரட்டை நிறைமாலைமானி சேர்ந்த அமைப்பு. ஆய்வுக்கூடங்களில் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். என்பார்கள். மருந்துகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் சி-18 நிரல் (பொடி அடைத்த குழாய்), அதன் வழியே ஓட 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் சேர்த்த நீர், மெத்தனால். மெத்தனாலை 5 சதவீதத்தில் தொடங்கி 10 நிமிடத்தில் 95க்கு உயர்த்தினால் கஃபீன் முதலிலும் கார்பமாசெபைன் அடுத்தும் டைக்ளோஃபினாக் கடைசியிலும் வெளிவரும்.

கருவி உள்ளே செய்வது இது: கார்பமாசெபைனை 237 நிறையில் பிடித்து, உடைத்து, அதிலிருந்து விழும் 194 துண்டைத் தேடுகிறது. உறுதிசெய்ய 179 துண்டையும் பார்க்கிறது. கஃபீனுக்கு 195 உடைந்து 138, 110. டைக்ளோஃபினாக்குக்கு 296 உடைந்து 250, 214. ஒரு துண்டை மட்டும் பார்த்து மருந்து கிடைத்துவிட்டது என்று குதிக்காதீர்கள். இரண்டு துண்டுகளும் வர வேண்டும், இரண்டின் விகிதமும் ஸ்டாண்டர்டில், அதாவது அளவு தெரிந்த தூய மருந்துக் கரைசலில், இருந்ததிலிருந்து 30 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது, வெளிவரும் நேரமும் பொருந்த வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் பெயர் எழுதலாம்.

மஞ்சள் நிறத்தோடு வம்பு என்றேன் அல்லவா, அது இங்கேதான். ஆற்று நீரின் மட்கிய பொருட்கள் மருந்தோடு சேர்ந்து வெளிவந்து, மின்னூட்டம் பெறும் வாய்ப்பை அதனிடமிருந்து பறித்துக்கொள்ளும். சிகரம் பாதியாகச் சுருங்கும். கனமான நகலும் அதே நொடியையொட்டி வெளிவருவதால் அதுவும் அதே அளவு சுருங்கும், விகிதம் தப்பிக்கும்.

படி 7: கணக்கு

1, 5, 10, 25, 50, 100, 200 நானோகிராம்/மி.லி. என ஏழு ஸ்டாண்டர்டுகள், ஒவ்வொன்றிலும் கனமான நகல் 50. அசலின் சிகரத்துக்கும் நகலின் சிகரத்துக்கும் உள்ள பரப்பு விகிதத்தை வைத்து அளவீட்டுக் கோடு வரையுங்கள்.

பயிற்சிக்கு ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். குப்பியில் கார்பமாசெபைன் மி.லி.க்கு 42 நானோகிராம் என்று வந்தது. குப்பியில் 1 மி.லி. இருப்பதால் மொத்தம் 42 நானோகிராம். அது அரை லிட்டர் ஆற்று நீரிலிருந்து வந்தது. ஆகவே லிட்டருக்கு 84.

அதே ஆற்று நீரின் இன்னொரு 500 மி.லி.யில் தெரிந்தே 50 நானோகிராம் கார்பமாசெபைனைச் சேர்த்து முழுவதையும் மறுபடி செய்யுங்கள். லிட்டருக்கு 100 கூடியிருக்க வேண்டும். 174 வந்தால் கூடியது 90, மீட்பு 90 சதவீதம், நல்லது. 120 வந்தால் எங்கோ தவறு. பெரும்பாலும் பிப்பெட்டில்.

வெற்று மாதிரியில் ஏதாவது வந்தால் அதைக் கழித்துவிடலாம் என்பவர்கள் உண்டு. நான் கழிப்பதில்லை. மாதிரியின் அளவு வெற்று மாதிரியைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் மட்டும் எழுதுவேன். என் முழங்கால் ஜெல் கதையில் மூன்று இடங்களின் டைக்ளோஃபினாக் எண்களை அப்படியே தள்ளிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி ஆற்றுக்குப் போனோம்.

எதுவும் வராவிட்டால் "இல்லை" என்று எழுதாதீர்கள். நம்பி அளக்கக்கூடிய மிகச் சிறிய ஸ்டாண்டர்டு மி.லி.க்கு 1 நானோகிராம் என்றால், ஆற்று நீரில் அது லிட்டருக்கு 2. "2 நானோகிராம்/லிட்டருக்குக் கீழ்" என்று எழுதுங்கள். வடித்த நீரைத்தான் அளந்தோம், சேற்றில் ஒட்டியிருப்பதை அளக்கவில்லை என்பதையும் அட்டவணையின் கீழ் ஒரு வரியாகச் சேருங்கள்.

மீதிக் குப்பிகளை மூடி, தேதி எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். மெத்தனால் கழிவு அதற்கான கேனுக்குள் போக வேண்டும், சிங்க்குக்குள் அல்ல.