விஷு முடிந்தபின் சரக்கொன்றைக்குக் கவாத்து செய்யும் முறை

சரக்கொன்றையைக் கவாத்து செய்வதற்கு, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிக் கழிப்பதற்கு, ஆண்டு முழுவதிலும் நன்கு பொருந்தும் காலம் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் இல்லை. பூ உதிர்ந்து முடிவதற்கும் தென்மேற்குப் பருவமழையின் சாரல் தொடங்குவதற்கும் இடைப்பட்ட அந்த நாள்கள், செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கங்களில் பெரும்பாலும் மே மாதத்தின் நடுவில் வந்து சேர்கின்றன. சில ஆண்டுகளில் கொன்றை மாசியிலேயே பூத்துவிடுவதால், நாள்காட்டியைவிட மரத்தைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. சரங்களில் பெரும்பகுதி உதிர்ந்து, பச்சைக் காய்கள் நூல்போல் தலைகாட்டும்போது வாளை எடுக்கலாம்.

இதற்குக் காரணம் மரம் பூக்கும் முறையில் இருக்கிறது. முந்தைய பருவத்தில் வளர்ந்து முற்றிய கிளைகளின் கணுக்களிலிருந்தே கொன்றை தன் சரங்களை இறக்குகிறது. மார்கழியிலோ தையிலோ மரத்தை ஒழுங்குபடுத்துவதாக எண்ணி நுனிகளையெல்லாம் வெட்டிவிட்டால், சித்திரையில் பூக்க வேண்டிய கிளைகளே போய்விடும். மரம் தழைத்து நிற்கும், பூ மட்டும் இராது. சாரல் பிடித்த பின் வெட்டினால் வெட்டுவாய் நாள்கணக்கில் ஈரமாகவே இருந்து, பூஞ்சணம் உள்ளே இறங்க இடம் கொடுக்கும்.

செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை மலையாள நாட்டு ஆட்சியில் இருந்தது. சித்திரை விஷுவுக்குக் கொன்றைப் பூ வைத்துக் கனி காண்பது இங்கே தமிழ் வீடுகளிலும் வழக்கம். ஆகவே, ஆண்டின் முதல் கவாத்தை உண்மையில் செய்பவர்கள் பங்குனிக் கடைசியில் பூப்பறிக்க வருபவர்களே. அவர்கள் கிளையை வளைத்து ஒடிக்கும்போது பட்டை நீளமாகக் கிழிந்து தண்டுவரை உரிந்து வருகிறது. ஒரு மரத்துக்கு நேரும் காயங்களில் இதைவிட மோசமானது அரிது. சொந்த மரமாக இருந்தால், பூவை நீங்களே கவாத்துக் கத்தரியால் ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். பறிக்கும் வேலையிலேயே மெலிந்த கிளைகளைக் குறைக்கும் வேலை பாதி முடிந்துவிடும்.

மே மாத வேலையைத் தொடங்கும் முன் மரத்தைச் சுற்றி நடந்து, எதை எடுக்க வேண்டும் என்று கீழிருந்தே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முதலில் பட்டுப்போன கிளைகள்: ஐயம் இருந்தால் நகத்தால் பட்டையைச் சற்றே கீறிப் பார்த்தால், உயிருள்ள கிளையில் பச்சை தெரியும். அடுத்து, ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் மெலிந்தது. அதன் பின் அடிமரத்திலிருந்தும் பழைய வெட்டுகளைச் சுற்றியும் நேராகக் கிளம்பும் போத்துகள். இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலான மரங்களுக்குப் போதும். பச்சைக் கிளைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்கக் கூடாது. மணிக்கட்டைவிடப் பருத்த உயிர்க்கிளையைத் தக்க காரணம் இல்லாமல் தொடவே வேண்டாம். உச்சியை மொட்டையடிப்பதைக் கவாத்து என்று சொல்வது தவறு. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் வலுவாகப் பற்றாமல், பிறகு காற்றில் முறிந்து விழும்.

பருத்த கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கைவாளால் முதலில் அறுக்க வேண்டும். அதற்குச் சிறிது வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை தன் பாரத்தால் விழும்போது கிழியும் பட்டை முதல் வெட்டோடு நின்றுவிடும். மூன்றாவது வெட்டு தண்டில் எஞ்சிய கட்டையை நீக்குவது, அதில்தான் கவனம் தேவை. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சட்டைக் காலர்போலச் சற்றே தடித்து, சுருக்கம் விழுந்த ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தை மரத்திலேயே விட்டு, அதற்கு வெளியே ஒட்டினாற்போல் அறுக்க வேண்டும். தண்டோடு மட்டமாக வழித்து வெட்டுவது பார்வைக்கு நேர்த்தியாக இருந்தாலும், காயத்தை மூடப் புதுப்பட்டை கிளம்பும் வளையமே அதனால் போய்விடும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகல் பரவாதபடி அதைச் சுற்றி அடைத்துக்கொள்கிறது என்று விளக்கினார். அந்த அடைப்புக்கு இவ்வளையம் இன்றியமையாதது.

வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூச வேண்டாம். அவை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். ஆயினும் மழை மிகுந்த இந்தப் பக்கத்தில், பெரிய வெட்டுகளுக்கு மட்டும் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை தடவுவதை நான் ஏற்கிறேன். 100 கிராம் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) 100 கிராம் சுண்ணாம்பையும் அரை அரை லிட்டர் நீரில் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் ஒன்றுசேர்க்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரங்கள் ஆகா. பளபளப்பான கத்தியை அதில் சிறிது நேரம் முக்கி எடுத்து, அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். படியாத வரை சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அன்று கரைத்ததை அன்றே பூசிவிட வேண்டும்.

இளங்கன்றுக்கு அணுகுமுறை வேறு. நேராக ஓங்கும் ஒரே தண்டைத் தேர்ந்துகொண்டு, அதோடு போட்டியிடும் தண்டை மட்டும் குறைக்க வேண்டும். கீழ்க்கிளைகள் தண்டைப் பருக்கச் செய்வதால், அவற்றை முதல் ஆண்டிலேயே வழித்துவிடாமல் ஆண்டுக்குச் சிலவாக எடுத்தால் போதும். குறுகலான கவையில் இரு கிளைகளுக்கு இடையே பட்டை உள்மடிந்து கிடந்தால், பின்னாளில் பிளக்கக்கூடிய இடம் அதுவே. அங்கு ஒரு கிளையை இளமையிலேயே நீக்கிவிட வேண்டும்.

மின்கம்பியை ஒட்டிய கிளைகளை நீங்களே வெட்ட முயலாமல், மின்சாரத்தை நிறுத்தச் செய்து, பழகிய ஆளைக் கொண்டு எடுக்க வேண்டும்.

மழைக்குப் பின் புதுத்துளிர் வந்ததும், வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட்டு, பச்சைப் புழுக்கள் இலைகளை நரம்போடு நிறுத்திவிடுவதுண்டு. நோய் என்று அஞ்சி அக்கிளைகளை வெட்டிவிட வேண்டாம். புழுக்கள் கூட்டுப்புழுவானதும் மரம் மீண்டும் துளிர்க்கும், வரும் சித்திரைக்குப் பூக்க வேண்டியவை அந்தக் கிளைகளே.