வாஸ்துப்படி வீட்டு பிளான் போடுவது எப்படி?

முதலில் திசையைச் சரியாகப் பிடியுங்கள். போன் காம்பஸோடு மனையின் நடுவில் நில்லுங்கள். பக்கத்தில் கம்பிக்கட்டோ காரோ இருந்தால் முள் ஏமாற்றும், அதனால் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்து ஒத்துப்போனால்தான் நம்பலாம்.

அப்புறம் வரைபடத்தில் ஒன்பதுக்கு ஒன்பது என்று 81 கட்டம் போடுங்கள். நட்டநடுவில் வரும் 9 கட்டம் பிரம்மஸ்தானம். அங்கே தூண், படிக்கட்டு, கழிவறை எதுவும் வேண்டாம், பழைய வீடுகளில் முற்றம் விட்டதும் அங்கேதான்.

சமையலறை தென்கிழக்கு அக்னி மூலையில், கிழக்கு பார்த்துச் சமைக்கிற மாதிரி. இடம் அமையவில்லையா, வடமேற்கு பரவாயில்லை. குடும்பத் தலைவரின் படுக்கையறை தென்மேற்கு, தலை தெற்கே. பூஜையறையும் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியும் வடகிழக்கு ஈசானிய மூலையில். மேல்நிலைத் தொட்டியை மட்டும் அங்கே ஏற்றிவிடாதீர்கள், அது தென்மேற்குக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் தென்மேற்கு உயர்ந்து கனமாகவும் ஈசானியம் தாழ்ந்து லேசாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் அடிப்படைக் கணக்கு.

சின்ன மனையில் எல்லாம் பொருந்தாது. சாஸ்திரத்துக்காக ஒரு ஜன்னலை அடைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், காற்றும் வெளிச்சமும் முதலில். மாற்றுவதையெல்லாம் காகிதத்திலேயே மாற்றிவிடுங்கள், சுவர் எழும்பிய பிறகு இடித்தால் செலவு இரட்டிப்பு.